குறை எண் 4417

காலையிலிருந்து பதினெட்டு முறை கொன்றாயிற்று.
ஸ்த்ரூகன், ஏழாம் துறையின் காவல் தெய்வம்.
மூன்றாள் உயரம், தோளெல்லாம் பாசி,
கையில் ஏதோ கப்பலின் நங்கூரம்.
வாளால் ஒருமுறை, தீயால் ஒருமுறை,
இடுப்பளவு நீரில் நின்று, குதித்துக்கொண்டே,
வெறும் ரொட்டித் துண்டால் அடித்தும் ஒருமுறை
(பட்டியலில் இருக்கிறது: ஆயுதமல்லாத பொருள்).
விழும்போது அவன் சொல்லும் வசனம்
உதட்டசைவோடு ஒட்டுகிறதா என்று பார்க்கத்தான்
எனக்குச் சம்பளம்.

"தண்ணீர் மறக்காது."
எழுதியவன் கினேவோஷ், இரண்டு மேசை தள்ளி
வெள்ளரி ஊறுகாய் மணக்க உட்கார்ந்திருப்பவன்.
ஒரு வெள்ளிக்கிழமை, கடைசி டிராமுக்கு முன்,
நாற்பது நிமிடத்தில் பதினோரு கடவுளரைப் பெற்றுப்போட்டவன்.
இடிக்கு ஒன்று, கொல்லருக்கு ஒன்று,
தொலைந்த சாவிகளுக்குக்கூட ஒன்று.
இவன் மட்டும் ஏன் இவ்வளவு சோகம் என்று கேட்டேன்.
அன்றைக்கு மழை, என்றான்.

எங்கள் ஊர் வூச். போலிஷில் படகு என்று பொருள்.
படகு விடத்தான் ஆறு கிடையாது.
சாயத்தில் ஊறி நாறியவற்றை எப்போதோ
குழாய்க்குள் தள்ளி மேலே தெருப் போட்டுவிட்டார்கள்.
நாங்கள் வேலை பார்ப்பதும் ஒரு பழைய பஞ்சாலையில்தான்.
தறி நின்ற இடத்தில் திரைகள்,
தறியைவிடக் கொஞ்சம் குறைந்த இரைச்சல்.

கல்லறைத் திருநாள் முடிந்த திங்கள்.
சண்டை நடுவில் தங்கை அழைத்தாள்.
அப்பாவின் கல்லுக்கு இன்னும் இரண்டு தவணை பாக்கி,
வைத்த விளக்கை யாரோ திருடிவிட்டார்கள்,
நீ ஏன் வரவில்லை.
மாடிப்படியில் நின்று பேசிவிட்டுத் திரும்பினேன்.
என் வீரன் வாளைத் தொங்கவிட்டபடி அப்படியே நிற்கிறான்.
செத்திருக்கவில்லை.

ஸ்த்ரூகன் நங்கூரத்தைக் கீழே வைத்திருந்தான்.
கரையோரம் குந்தி
ஒரு கை நீரள்ளி முகத்தருகே கொண்டுபோய்
குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு எழுந்து, என்னைத் தாண்டி எங்கோ பார்த்து,
ஓரடி நகர்ந்தான்.
துறை திறந்து கிடந்தது.

மறுபடி ஓட்டினேன். மறுபடியும்.
ஒன்பது நிமிடம் நாற்பது வினாடி
யாரும் அடிக்காதிருந்தால் வழிவிடுகிறான்.
கினேவோஷ் தலையாட்டினான்: நான் எழுதவில்லை.
நிரல் எழுதியவர்கள்: எங்களுடையதல்ல.
அந்த அசைவை வரைந்தது தொப்ரோமிவா என்று கோப்பு சொன்னது.
வசந்தத்தில் வேலையை விட்டுப் போனவள்.
கைப்பிடி உடைந்த அவள் கோப்பை
இன்னும் அலமாரியில் கவிழ்ந்திருக்கிறது.
ஒன்பது நிமிடம் ஏன் என்று கேட்க
எண் இல்லை யாரிடமும்.

படிவம் நிரப்பினேன்.
எதிர்பார்த்தது: தெய்வம் சண்டையிடும்.
நடந்தது: தெய்வம் வழிவிட்டது.
தீவிரம்: மிக அதிகம்.
பொய்யில்லை அது. கொல்லாமல் கடந்துபோகிறவன்
அடுத்த நாட்டுக்கு வெறுங்கையோடு போவான்,
கவசம் விற்காது.

வியாழன் சரிசெய்து அனுப்பினார்கள்.
பத்து நிமிடம் அசையாமல் நின்று பார்த்தேன்.
நங்கூரம் சரியாக என் தலைமேல் இறங்கியது.
எழுந்து வந்து இன்னொரு பத்து நிமிடம். இறங்கியது.
பெட்டியில் பச்சைக் குறி போட்டேன்.
கினேவோஷ் பாதி வெள்ளரியை நீட்டினான்,
வாங்கிக்கொண்டேன்.

கரையோரம் மட்டும்
ஆள் குந்தி எழுந்தாற்போல்
வட்டமாகப் புல் மடங்கிக் கிடக்கிறது, ஒவ்வொரு முறையும்.
பார்த்தேன்.
அதற்கு எண் போடவில்லை.